முள்ளெலிக் கள்ளி பூக்க வேண்டுமா: விதையா, ஒட்டுச் செடியா, சொந்த வேர்ச் செடியா?

"மூணு வருசமாச்சுங்க. செடி நல்லாத்தான் இருக்குது, ஒரு மொட்டுக்கூட வைக்கலீங்க." கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் கள்ளி வளர்ப்பவர்கள் முள்ளெலிக் கள்ளியைப் பற்றி அதிகம் சொல்வது இதைத்தான். கூடவே அடுத்த கேள்வியும் வரும்: "இந்தவாட்டி ஒட்டுச் செடி வாங்கறதா, வேர்ச் செடி வாங்கறதா, இல்ல விதையே போட்டுக்கறதா?"

முள்ளெலிக் கள்ளி என்று இங்கே சொல்வது எக்கினோசீரியஸ் பேரினத்தை. ஜார்ஜ் எங்கல்மான் 1848-ல் வைத்த பெயர் அது. 'எக்கினோஸ்' என்றால் கிரேக்க மொழியில் முள்ளெலி. வேலியோரம் சுருண்டு கிடக்கும் நம்மூர் முள்ளெலியைப் பார்த்தவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் சட்டென்று விளங்கும். நர்சரிகளில் எக்கினாப்சிஸ் என்ற வேறொரு கள்ளிப் பேரினத்தையும் இதே பெயரில் விற்கிறார்கள். பூ வந்தால் குழப்பமே இல்லை. எக்கினோசீரியஸ் பூவின் நடுவே சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) பச்சைப் பசேலென்று நிற்கும், ஏறக்குறைய எல்லா இனங்களிலும். எக்கினாப்சிஸ் பூ நீளக் குழல் வைத்துப் பெரும்பாலும் ராத்திரியில் விரியும். மாடியில் ஏதாவது ஒரு கள்ளி பூத்தால் போதும் என்பவர்கள் எக்கினாப்சிஸே வாங்கிக்கொள்ளலாம். நம்மூரில் அது பாடு இல்லாமல் பூக்கும். முள்ளெலிக் கள்ளிதான் வேண்டும் என்பவர்களுக்கு மீதிக் கட்டுரை.

## எதை வைத்து எடை போடுவது

விலையை வைத்து மட்டும் முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். கொங்குச் சமவெளியில் ஐந்து விஷயங்கள் முடிவைத் தீர்மானிக்கின்றன.

உலர் ஓய்வு. மற்ற நான்கையும்விட இது கனமானது. இந்தக் கள்ளிகள் பிறந்த மெக்சிகோ, டெக்சஸ், அரிசோனா பக்கம் குளிர்காலம் குளிர்ச்சியும் வறட்சியும் சேர்ந்தது. அந்த ஓய்வில்தான் செடி மொட்டுக்கு ஆயத்தமாகிறது. பல இனங்களுக்கு ராத்திரி வெப்பம் பல வாரம் 10 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கோவையில் தை மாதத்தில்கூட அது சராசரியாக 18, 19 டிகிரி. கரூரிலும் ஈரோட்டிலும் அதைவிடக் கூடுதல். ஆகக் குளிரை நாம் தர முடியாது. தரக்கூடியது உலர்வு மட்டுமே: மார்கழி பிறந்ததிலிருந்து மொட்டு கண்ணில் பட்டு அரை சென்டிமீட்டர் ஆகும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத 8 முதல் 10 வாரம். அந்தப் பட்டினியை எந்த வழிச் செடி தாங்கும், எது தாங்காது என்பதில்தான் ஒட்டும் சொந்த வேரும் பிரிகின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழை. நம் பக்கம் மழை குறைவுதான். ஆனால் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர், நவம்பரில் கொட்டுகிறது. செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு ஓய்வுக்குப் போக வேண்டிய நேரத்தில் தொட்டி வாரக்கணக்கில் ஈரமாக நிற்கும். செடி மண்ணைத் தொடும் இடத்தில் கழுத்தழுகல் வருவது அப்போதுதான்.

தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கு இது கவலையே இல்லை. பல்லடம், காங்கயம், வெள்ளகோவில் பக்கம் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருப்பவர்களுக்கு இதுவே பெரும்பாடு. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 1000-க்கு மேல் போகும் தண்ணீரை ஊற்ற ஊற்ற, மண்மேல் வெள்ளைப் பொருக்கு படிந்து, வேர் நுனி கருகி, செடி அடியிலிருந்து தக்கை தட்டிப் பழுப்பேறும்.

எத்தனை ஆண்டில் பூ. எத்தனை ஆண்டு உயிர். இவை இரண்டும் எதிர் எதிர்த் திசையில் இழுப்பவை. சீக்கிரம் பூக்கிற வழியில் ஆயுள் குறைவு.

மறைசெலவு. செடியின் விலை ஒரு பங்கு என்றால் நிழல்வலை, மழை மறைப்பு, மாற்றுத் தொட்டி, செத்துப்போன செடிக்குப் பதில் வாங்கும் செடி இதெல்லாம் சேர்ந்து இன்னும் சில பங்கு.

## அதற்கும் முன்னால் இனம்

விதையா ஒட்டா என்று முடிவெடுப்பதற்கு முன் எந்த இனம் என்பது முடிவாக வேண்டும். தவறான இனத்தை எந்த வழியில் வாங்கினாலும் பூ வராது.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் சமவெளியில் முதலில் தேட வேண்டியவை தாழ்நில இனங்கள். பென்டலோபஸ் தெற்கு டெக்சஸ், கிழக்கு மெக்சிகோவின் முட்புதர்க் காட்டுச் செடி. விரல் தடிமனில் தண்டுகள் படர்ந்து கொத்தாகும். இளஞ்சிவப்பும் வெள்ளைத் தொண்டையுமாகப் பூ செடியைவிடப் பெரிதாகத் தெரியும். பெர்லாண்டியேரியும் அதே பக்கத்துச் செடிதான், அதே குணம். சப்இனெர்மிஸ் மேற்கு மெக்சிகோவின் வெப்பமான காடுகளிலிருந்து வந்தது. முள் குட்டை, பூ பளிச்சென்ற மஞ்சள். பனியைத் தாங்காத இனம் என்று குளிர்நாட்டுக்காரர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். நமக்கு அதுவே தகுதி.

ரிஜிடிசிமஸ், அதிலும் ஊதாச் சிவப்பு முள்ளுடைய ரூபிஸ்பைனஸ், நர்சரிகளில் எல்லாரும் கேட்டு வாங்கும் 'வானவில் கள்ளி'. தண்டைச் சுற்றி மாறி மாறி வரும் வண்ணப் பட்டைகள் அதன் வளர்ச்சிப் பருவங்களின் கணக்கு. இது மேட்டுநிலச் செடி. சமவெளியில் பூக்கும், ஆனால் முழு வெயிலும் கடும் உலர்வும் இருந்தால்தான். அப்படியும் ஆண்டு தவறாமல் பூக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

டிரைக்ளோகிடியேட்டஸ், காக்சினியஸ், விரிடிபுளோரஸ் ஆகியவை உறைபனி மலைகளின் செடிகள். கொலராடோ, நியூ மெக்சிகோ மலைச்சரிவுகளில் ஓசனிச்சிட்டுக்காகச் சிவப்பாகப் பூக்கும் டிரைக்ளோகிடியேட்டஸ் படத்தில் எவ்வளவு அழகோ, பல்லடத்து மாடியில் அவ்வளவு மௌனம். காய்ந்த தொட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் 5 முதல் 8 டிகிரியில் இரண்டு மாதம் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பழங்கள் இருக்கும் தட்டில் ஈரமும் எத்திலீன் வாயுவும் சேரும், மண்ணில் துளி ஈரம் இருந்தாலும் அழுகும். ஒரு செடிக்கு விளையாட்டாகச் செய்யலாம். அதை நம்பிப் பத்துச் செடி வாங்கக் கூடாது. ஏற்காட்டில் வீடு இருந்தால் ரிஜிடிசிமஸுக்கு வாய்ப்புக் கூடும். ஆனால் அங்கே மழைக்கும் மூடுபனிக்கும் மறைப்புப் போட்டே ஆக வேண்டும்.

## வழி ஒன்று: விதை

பொறுமை இருக்கிறவர்களுக்கு ஒரு செடிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. 25 விதை கொண்ட ஒரு பொட்டலத்தில் பாதி தேறினாலும் பன்னிரண்டு செடி. இந்த இனங்களில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தை ஏற்காதவை. காய் பிடிக்க வேண்டுமானால் மரபில் வேறான இரண்டு செடி ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். ஒரே தாயின் துண்டுகள் பத்து இருந்தாலும் பயனில்லை. விதையில் வந்தவை ஒவ்வொன்றும் தனித்தனி ஆள் என்பதால் அந்தச் சிக்கல் தானாகத் தீரும்.

எப்போது. ஆடிப்பட்டம் கள்ளிக்கும் பட்டம்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை வெப்பம் தணிந்திருக்கும். முளைப்புக்கு வேண்டிய 22 முதல் 28 டிகிரி வீட்டுக்குள் நிழலான சன்னலோரம் கிடைத்துவிடும். தவறினால் தை கடைசி. சித்திரையில் போட்டால் மூடிய டப்பாவுக்குள் நாற்று வெந்துபோகும்.

எப்படி. 1 முதல் 3 மி.மீ. அளவில் சலித்த எம்-சாண்ட் அல்லது பெர்லைட் மூன்று பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு. எம்-சாண்டைக் கலங்கல் நீங்கும்வரை நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். அந்தக் கல்மாவு இறுகினால் சிமென்ட் பூசியது மாதிரி ஆகிவிடும். கலவையை ஈரமாக்கி இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வைத்து ஆறவிடுங்கள். 8 செ.மீ. தொட்டியில் நிரப்பி, விதையை மேலே தூவி, ஒரு விதை உயரத்துக்கு மட்டும் மணல் தூவி, மூடியுள்ள ஒளிபுகும் உணவு டப்பாவுக்குள் வைத்து மூடிவிடலாம். சன்னல் வெளிச்சம் போதாவிட்டால் எல்.இ.டி. விளக்கு 12 முதல் 14 மணி நேரம். 5 முதல் 20 நாளில் முளை தெரியும். மலை இனங்கள் சில, விதையை முன்கூட்டியே சில வாரம் குளிரில் வைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். தாழ்நில இனங்களுக்கு அந்த வேலை இல்லை.

6 வாரம் கழித்து மூடியை நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்து, இரண்டு மூன்று வாரத்தில் முழுதும் எடுக்க வேண்டும். ஒரே நாளில் எடுத்தால் ஆடிக் காற்று மாலைக்குள் சுண்டவைத்துவிடும். முதல் மார்கழியில் நாற்றைப் பட்டினி போடக் கூடாது. பட்டாணி அளவு உடம்பில் சேமிப்பு ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை அடியிலிருந்து ஈரம் ஏற்றுங்கள். உலர் ஓய்வு இரண்டாம் ஆண்டிலிருந்துதான்.

கெடுவது எங்கே. நாற்று அடியில் கண்ணாடி மாதிரி நீர்கோத்துச் சாய்ந்தால் அது அழுகல். அந்த நாற்றை மட்டுமல்ல, சுற்றி ஒரு சென்டிமீட்டர் கலவையையும் தோண்டி எறிய வேண்டும். பச்சைப் பாசி படர்ந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். கொசு போல மண்மேல் தத்தும் சின்ன ஈக்களின் புழு வேரைத் தின்னும்; மேலே அரை சென்டிமீட்டர் மணல் போர்வை போட்டாலே பெருமளவு அடங்கும்.

மறைசெலவு. காலம்தான். சிறிய உடல் கொண்ட இனங்கள் 3, 4 ஆண்டில் பூக்கும். ரிஜிடிசிமஸ் 4 முதல் 6. டிரைக்ளோகிடியேட்டஸ் அதற்கும் மேலே. இந்த ஆண்டுகளில் ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் நாற்றை யாரிடம் விட்டுப்போவது என்ற கேள்வி நிற்கும். எதிர்பாராத இன்னொரு செலவும் உண்டு: பன்னிரண்டும் பிழைத்துவிட்டால் மூன்றாம் ஆண்டில் பன்னிரண்டு தொட்டிக்கு இடம் வேண்டும்.

## வழி இரண்டு: ஒட்டுச் செடி

கடையில் வானவில் கள்ளி கொழுகொழுவென்று, விலையும் சற்று இறங்கி இருந்தால், மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். மூன்று பட்டைத் தண்டு தெரிந்தால் அடித்தண்டு, அதாவது வேரோடு கீழே நின்று மேல்செடியைத் தாங்குவது, டிராகன் பழச் செடி. ஒட்டு வேகமாக வளரும், பூவும் சீக்கிரம். ஒட்டு என்பது ஒரே பொருளல்ல, அடித்தண்டுக்கு அடித்தண்டு கதை மாறும்.

டிராகன் பழத் தண்டு. கொங்குநாட்டில் டிராகன் பழத் தோட்டங்கள் இப்போது பரவலாக இருப்பதால் தண்டு கிடைப்பது எளிது. ஆனால் அது ஈரம் விரும்பும் கொடி. மேலே உள்ள முள்ளெலிக் கள்ளிக்குப் பத்து வாரப் பட்டினி தேவை. கீழே உள்ள தண்டோ நாலு வாரத்தில் சுருங்கி மஞ்சளாகும். தண்டுக்காகத் தண்ணீர் ஊற்றினால் தலை ஓய்வெடுக்காமல் சதை போட்டுக்கொண்டே போகும், மொட்டு வைக்காது. 'நல்லாத்தான் இருக்குது, பூக்கலீங்க' என்ற புகாரில் கணிசமான பங்குக்குக் காரணம் இந்த இழுபறி. அடித்தண்டின் ஆயுளும் 3 முதல் 5 ஆண்டுதான். நடுவழி ஒன்று உண்டு: ஓய்வுக் காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியின் ஓரத்தில் மட்டும் 30 மி.லி. தண்ணீர், காலையில்.

டிரைக்கோசீரியஸ். தூண் போல வளரும் கள்ளி. நம் தேவைக்கு இதுதான் சரியான அடித்தண்டு. வறட்சி தாங்கும், வேர் வலுவானது, உலர் ஓய்வை மேல்செடியோடு சேர்ந்தே எடுத்துக்கொள்ளும். வளர்ச்சி டிராகன் தண்டு அளவுக்கு வேகமில்லை; அதனால் மேல்செடி ஊதிப்போகாமல் உருவம் ஓரளவு நிற்கும். கடையில் இது அபூர்வம். ஆர்வலர்களிடமிருந்து துண்டு வாங்கி வேர்விட்டு நாமே ஒட்ட வேண்டியிருக்கும்.

மிர்டிலோகாக்டஸ். நீலம் பூசிய தண்டு, ஐந்தாறு பட்டை. குளிர் தாங்காது என்பது இங்கே ஒரு குறையே அல்ல. டிரைக்கோசீரியஸ் கிடைக்காவிட்டால் அடுத்தது இது.

பெரெஸ்கியாப்சிஸ். இலையுள்ள மெல்லிய தண்டு. 3 வார நாற்றை இதில் ஒட்டினால் மற்றவை பட்டாணி அளவில் இருக்கும்போது இது எலுமிச்சை அளவுக்கு வந்துவிடும், இரண்டு ஆண்டில் பூவையும் பார்த்துவிடலாம். விதையின் காலச் செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. 2 முதல் 5 மி.மீ. நாற்றைப் புது பிளேடால் குறுக்கே அறுத்து, அறுத்த தண்டு நுனியில் வைத்து, வளையத்தின்மேல் வளையம் படும்படி லேசாக அழுத்தினால் பசைபோல ஒட்டும். மூன்று நாள் மூடிய டப்பாவுக்குள், முழு ஈரப்பதத்தில். பெரிதான பிறகு இதிலிருந்து இறக்கி வேர்விடவோ டிரைக்கோசீரியஸுக்கு மாற்றவோ வேண்டும். அப்படியே விட்டால் தலை கனத்துச் சாய்ந்துவிடும்.

பெரிய செடியை ஒட்டும் முறை இதுதான். தண்ணீர் குடித்து நிமிர்ந்திருக்கும் அடித்தண்டை ஒட்டும் நாளுக்கு முன் ஒரு வாரம் நன்றாக நனைத்து வையுங்கள். கத்தியை ஆல்கஹாலில் துடைத்துக் கிடைமட்டமாக அறுத்து, பட்டைகளின் ஓரத்தை 45 டிகிரியில் சீவுங்கள். சீவாவிட்டால் நடு குழிந்து ஒட்டு தூக்கிக்கொள்ளும். மேல்செடியையும் அறுத்து, இரண்டின் நடுவிலும் தெரியும் வட்ட நரம்பு வளையங்கள் ஓரிடத்திலாவது வெட்டிக்கொள்ளும்படி வைத்து, தொட்டியோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு ரப்பர் பேண்ட். 7 முதல் 10 நாள் நிழல். வெட்டில் தண்ணீர் படக் கூடாது. பங்குனியும் ஆவணியும் நல்ல மாதங்கள். மழைக் காலத்தில் தொடவே தொடாதீர்கள்.

மறைசெலவு. ஒட்டுச் செடியில் முள் நெருக்கம் குறையும், ரூபிஸ்பைனஸின் ஊதா வெளிறும். தழைச்சத்து கூடின உரம் போட்டால் கார்த்திகை மழையில் தோல் வெடிக்கும். 19:19:19 கையில் இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். உரக்கடையில் கிடைக்கும், தழைச்சத்து இல்லாத 0:52:34, லிட்டருக்கு அரை கிராம், ஆடியில் ஒன்று ஆவணியில் ஒன்று, போதும். டிராகன் தண்டானால் 3 முதல் 5 ஆண்டுக்குள் அது தக்கையாகி, செடியை வேறு தண்டுக்கு மாற்றும் வேலை வரும். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

## வழி மூன்று: சொந்த வேரில் வளர்ந்த செடி

உருவம் உருவமாக இருக்க வேண்டும், இருபது ஆண்டு கூட இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இதுதான். பட்டினியைத் தாங்குவதற்கென்றே பிறந்த வேர்; உலர் ஓய்வில் செடி கொஞ்சம் உள்வாங்கிச் சுருங்கினாலும் பதறத் தேவையில்லை. தண்ணீர் கண்டதும் நிமிரும்.

ஆனால் மூன்றிலும் மழைக்கு அதிகம் பயப்பட வேண்டியதும் இதுவே. கலவை இப்படி இருக்கட்டும்: 3 முதல் 6 மி.மீ. செங்கல் துண்டு, பியூமிஸ் அல்லது கால் இஞ்ச் ஜல்லி ஏழு பங்கு, செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு ஒரு பங்கு. தேங்காய் நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று சேர்க்க வேண்டாம். மேலே காய்ந்து உள்ளே ஈரம் பிடித்து நம்மை ஏமாற்றும் பொருள் அது. 6 செ.மீ. செடிக்கு 10 செ.மீ. தொட்டி போதும். கழுத்தைச் சுற்றி 1 செ.மீ. ஜல்லி மட்டும். தொட்டியை மாடித் தளத்தில் நேரே வைக்காமல் செங்கல்மேல் வையுங்கள். தளத்தின் சூடு வேரை வேகவைக்கும்.

கூரியரில் வந்த செடி. காலிம்போங் போன்ற குளிர்ச்சியான இடத்து நர்சரிகளிலிருந்து பெரும்பாலும் மண் இல்லாமல்தான் வரும். வேரைக் கழுவி, காய்ந்த வேரையும் மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சையும் பாருங்கள். செத்த வேரை வெட்டி, கந்தகத் தூள் தடவி, 7 முதல் 10 நாள் நிழலில் படுக்கவிடாமல் நிறுத்தி வையுங்கள். காய்ந்த கலவையில் நட்டு இன்னும் ஒரு வாரம் பொறுத்து, அடியிலிருந்து முதல் தண்ணீர். பிறகு 50 சத நிழல்வலைக்குக் கீழே மூன்று வாரம். நேராக வெயிலில் வைத்தால் மேற்கு முகம் வெள்ளையாக வெந்து, அந்தத் தழும்பு ஆயுளுக்கும் போகாது.

கெடுவது எங்கே. கழுத்துப் பக்கம் தோல் மங்கி, விரலால் அழுத்தினால் கொழகொழத்தால் அன்றே கத்தி எடுக்க வேண்டும். அடியிலிருந்து சீவிக்கொண்டே போய், நடு வளையத்தில் செம்மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இல்லாத இடம் வரும்வரை நிறுத்தக் கூடாது. மிஞ்சும் தலையை டிரைக்கோசீரியஸில் ஒட்டிவிடுங்கள். தொட்டி ஓரத்தில் ஒரு அடித்தண்டு எப்போதும் தயாராக இருந்தால் சொந்த வேர்ச் செடிக்கு அது காப்பீடு. பங்குனி வெயிலில் நுனி சாம்பல் பூத்துத் துருப்பிடித்தாற்போல் ஆனால் சிவப்புச் சிலந்தி. மென்தோல் இனங்களான பென்டலோபஸ், சப்இனெர்மிஸை அது முதலில் பிடிக்கும். மாலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். நனையும் கந்தகம் அடிப்பதானால் 32 டிகிரிக்குக் கீழே உள்ள நாளில் மட்டும்.

மறைசெலவு. வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பதானால் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் இருப்பது நினைவிருக்கட்டும். பெரும்பாலானவை இரண்டாம் பட்டியல். ஸ்மோல்லியும் லிண்ட்சேயியும் முதல் பட்டியல். ஏற்றுமதி அனுமதி, தாவர நலச் சான்று, இந்திய இறக்குமதி அனுமதி எல்லாம் வேண்டும். தாள் இல்லாமல் வரும் செடி மலிவாகத் தெரியும். சுங்கத்தில் நின்றால் செடியும் போகும், பணமும் போகும். அடி முழுக்கப் பழைய தக்கை, தழும்பு, சமச்சீரற்ற உடம்பு என்று இருந்தால் காட்டிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். அதை வாங்குவது தப்பு என்பது ஒருபுறம், அப்படிப்பட்ட கிழச் செடி வேர்பிடிப்பதும் அரிது.

பென்டலோபஸும் பெர்லாண்டியேரியும் மட்டும் இந்தக் கணக்கில் வராது. கொத்திலிருந்து ஒரு விரல் தண்டைக் கிள்ளி, பத்து நாள் காயவைத்து நட்டால் சொந்த வேர்ச் செடி தயார். ஆர்வலர் ஒருவரிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும்.

## பக்கத்தில் பக்கமாக

| | விதை | ஒட்டுச் செடி | சொந்த வேர்ச் செடி |
|---|---|---|---|
| முதல் பூ | 3–6 ஆண்டு. மலை இனம் கூடுதல் | 1–2 ஆண்டு | வளர்ந்த செடியானால் அடுத்த மாசி, பங்குனி |
| உலர் ஓய்வு | முதல் ஆண்டு கூடாது | டிராகன் தண்டில் இழுபறி. டிரைக்கோசீரியஸில் சரி | மிக நன்று |
| ஐப்பசி மழை | மூடிய டப்பாவில் பாதுகாப்பு | ஓரளவு தாங்கும்; தோல் வெடிக்கலாம் | மறைப்பு கட்டாயம் |
| உப்புத் தண்ணீர் | தாங்காது | டிரைக்கோசீரியஸில் ஓரளவு | ரிஜிடிசிமஸ் தாங்காது |
| உருவம் | இயல்பு | ஊதும், நிறம் வெளிறும் | இயல்பு |
| ஆயுள் | நீண்டது | டிராகன் தண்டில் 3–5 ஆண்டு | நீண்டது |
| மறைசெலவு | காலம், இடம் | மறு ஒட்டு | மழை மறைப்பு, அழுகல் இழப்பு |

## யாருக்கு எது

சமவெளியில் முதல் முள்ளெலிக் கள்ளி வாங்குபவர் பென்டலோபஸ் துண்டு ஒன்றிலிருந்து தொடங்கட்டும். வேறு யோசனையே வேண்டாம்.

வானவில் கள்ளிதான் வேண்டும், சீக்கிரம் பூக்க வேண்டும் என்றால் டிரைக்கோசீரியஸில் ஒட்டியது. டிராகன் தண்டில் இருப்பதை வாங்கிவிட்டீர்கள் என்றால் முதல் ஆவணியிலேயே மாற்றி ஒட்டுங்கள்.

ஆழ்துளைக் கிணறு மட்டும் உள்ள வீட்டில் விதையும் சொந்த வேர் ரிஜிடிசிமஸும் மழைநீர் சேமித்தால்தான் சரிப்படும். பயப்படும்படியான கணக்கில்லை. 20 தொட்டிக்குத் தொட்டிக்கு 200 மி.லி. வீதம் ஆண்டுக்கு 25 முறை ஊற்றினால் மொத்தம் 100 லிட்டர். மாடிக் குழாயடியில் 200 லிட்டர் டிரம் ஒன்று தாராளம். எலுமிச்சை உப்பு போட்டால் தண்ணீர் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. அது காரத்தன்மையைத் தணிக்கும், சோடியத்தையும் குளோரைடையும் ஒன்றும் செய்யாது.

மாடியில் மழை மறைப்புப் போட வழியே இல்லாதவர் ஒட்டுச் செடி வாங்குவதே நியாயம். பத்துப் பதினைந்து இனம் சேர்க்கத் திட்டமிடுபவர் விதைக்குப் போவதே லாபம். பாதி நாற்றைப் பெரெஸ்கியாப்சிஸில் ஏற்றினால் இரண்டு பயனும் கிடைக்கும்.

## எந்த வழியானாலும் மொட்டு வரும் நேரம்

மழை ஓய்ந்த மார்கழித் தொடக்கத்தில் மறைப்பை எடுத்துவிடுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: தகரமோ பாலிகார்பனேட்டோ மேலே இருந்தால் செடி ராத்திரியில் சூட்டை வானத்துக்கு விட முடியாது. திறந்த வானத்துக்குக் கீழே, கான்கிரீட்டிலிருந்து இடுப்பு உயரத்தில், இரும்புத் தாங்கியில் நிற்கும் செடி காற்றின் வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிரும். நமக்குக் கிடைக்கும் குளிர் அவ்வளவுதான். அதையும் கூரை போட்டுத் தடுக்கக் கூடாது. காலைப் பனி படுவதால் கெடுதல் இல்லை.

மாசி வாக்கில், வெயில் படும் பக்கத்தில், முள் மெத்தைக்கு (முட்கள் கிளம்பும் பஞ்சுத் திட்டு) சற்று மேலே தோல் கடுகளவு புடைக்கும். இரண்டொரு நாளில் அந்த இடம் வெளிறி, தோல் கிழிந்து, பஞ்சு சுற்றிய மொட்டு உள்ளிருந்து வெளியே வரும். முள் மெத்தையிலிருந்து அல்ல, தோலைக் கிழித்துக்கொண்டு வருவதுதான் இந்தப் பேரினத்தின் அடையாளம். புது முள்ளெலிக்காரர்கள் அதைப் புண் என்று நினைத்து மருந்து அடித்துவிடுவதும் உண்டு. அந்த நேரத்தில் தொட்டியைத் திருப்பக் கூடாது. மொட்டு அரை சென்டிமீட்டர் ஆகும்வரை தண்ணீரும் கூடாது. முந்திக் கொடுத்தால் மொட்டு பக்கக்கிளையாக மாறிவிடும் அல்லது காய்ந்து உதிரும். முதல் தண்ணீர் கால்பங்கு, ஒரு வாரம் கழித்து முழுத் தண்ணீர். மூன்று முதல் ஐந்து வாரத்தில் பூ. உச்சி வெயிலில் விரிந்து, சாயந்திரம் மூடி, மறுபடி மறுநாள் விரியும். சித்திரைச் சூடு ஏறிவிட்டால் நாலு நாள் பூ இரண்டு நாளில் முடியும்.

மொட்டோடு விற்கும் செடி கிடைத்தால் வாங்கலாம், அது பூக்கிற வயதுக்கு வந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. ஆனால் வந்த வழியில் பாதி மொட்டு உதிர்ந்தே இருக்கும். மண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பூ முடியும்வரை தொட்டி மாற்ற வேண்டாம். கடைக்காரர் எந்தப் பக்கம் வெயிலுக்குக் காட்டி வைத்திருந்தார் என்று கேட்டு, தொட்டி விளிம்பில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்து, வீட்டிலும் அதே பக்கத்தைத் தெற்கே பார்த்து வையுங்கள்.